நூலகத்தில் நடந்தவர்கள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் உடம்பில் ஒழுங்காக இருந்தது குரல் மட்டும்தான். டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தே வேலை பார்த்தவள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு 'ஹலோ மதுரை, ஹலோ மதுரை' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் உரமேறிவிட்டது. இடுப்பும் முழங்காலும் போய்விட்டன. டாக்டர் என் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திரையெல்லாம் அப்புறம். தினம் நடங்க" என்றார். எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை.

அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தை ஒட்டிச் சேலையூர்ப் பக்கம் எங்கள் தெரு பாதி வீடு, பாதி மனை. மழை பெய்தால் ஏரி, வெயில் அடித்தால் புழுதி. மணலும் ஜல்லியும் கொட்டிக் கிடக்கும் தெருவில் தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி, நாய்க்கு ஒதுங்கி நான் ஒரு சுற்று வருவதற்குள் வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் "என்ன மேடம், எங்க இவ்ளோ அவசரமா?" என்று கேட்டுவிடுவார்கள். ஒரு பெண் காரியம் எதுவும் இல்லாமல் வெளியே வந்து சும்மா நடப்பாள் என்பது யாருக்கும் புரியவில்லை. ஆண்கள் விமானப்படை மதில் ஓரமாகக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடந்தார்கள். என் கணவரும் கொஞ்ச நாள் போனார். பிறகு ரேடியோவில் காலைச் செய்தி கேட்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டார். நான் பால் வாங்கப் போகிறவள் மாதிரி கையில் ஒரு தூக்கை வைத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். அந்த வேஷமும் வெகுநாள் தாங்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு கிளை நூலகம் இருந்தது. வாடகைக் கட்டடம். படி ஏற வேண்டியதில்லை, தெருவிலிருந்து நேராக உள்ளே போகலாம். ஒரே நீளக் கூடம், நடுவில் வரிசையாகப் புத்தக அலமாரிகள், முன்பக்கம் பத்திரிகை மேசை. நூலகர் நாற்பது வயதைத் தாண்டிய பெண். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வருவார். லேசில் சிரிக்கமாட்டார். ஒருநாள் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு நாவலை எடுக்கப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்ட நான் எழுந்திருக்க முடியாமல் தவித்தேன். அவர் வந்து இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். மறுநாள் போனால் கதைப் புத்தகங்களும் வைத்தியப் புத்தகங்களும் இடுப்பு உயரத் தட்டுக்கு வந்திருந்தன.

"கீழ்த்தட்டுல இனிமே போட்டித் தேர்வு புஸ்தகம்தான்மா. அதைப் படிக்கிற பசங்களுக்குத்தான் குனிய வருது" என்றார்.

அப்படித்தான் பேச ஆரம்பித்தோம். நடக்க இடமில்லாத கதையை அவரிடம் சொன்னேன்.

"எட்டு மணிக்குத்தான் திறக்கணும். ஆனா என் ரயில் ஏழுக்கே கொண்டுவந்து விட்டுடுது. அதை விட்டா அடுத்த ரயில்ல நிக்கக்கூட இடமிருக்காது. ஒரு மணி நேரம் தனியாத்தான் உக்காந்திருக்கேன். நீங்க வந்து உள்ளேயே நடங்களேன். நாயில்ல, லாரியில்ல."

மறுநாளிலிருந்து அலமாரிகளைச் சுற்றி நடந்தேன். வரலாற்றுப் பக்கம் போய், சமையல் பக்கம் திரும்பி, பத்திரிகை மேசையைத் தொட்டுவிட்டு மறுபடியும். முதல் வாரம் இடுப்பு கெஞ்சியது. அடுத்த மாதம் பழகிவிட்டது. எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்து வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கத்தோலிக்க அம்மா வந்தார். அவரை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் துணிப்பையில் போட்டு எடுத்துவருவார். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா பத்திரிகை நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை மட்டும் தூக்கி இறக்குவார். நூலகர் முதியவர்களுக்கான உடற்பயிற்சிப் புத்தகம் ஒன்றைத் தலைமை நூலகத்திலிருந்து தேடி வாங்கிவந்தார். நான் அதைச் சத்தமாக வாசிப்பேன்: "நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ளவும். இடது குதிகாலை மெல்ல உயர்த்தவும்." எல்லோரும் உயர்த்துவார்கள். பாதிப்பேர் வலது காலை உயர்த்துவார்கள். சிரிப்பு வந்துவிடும். நூலகர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் பின்கட்டு வீட்டில் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முழுக்க அவர்கள் வயல். வயலை மனை போட்டு விற்ற பிறகு மிஞ்சிய இடத்தில் அவருடைய கணவர் இந்தக் கட்டடத்தைக் கட்டி நூலகத்துக்கு விட்டார். கணவர் போனபின் கட்டடம் அந்த அம்மாவின் பேருக்கு வந்தது. மூத்த மகன் மெயின் ரோட்டில் சிமென்ட், கம்பிக் கடை வைத்திருந்தான். அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் நினைக்கும்போது அந்த வார்த்தைதான் வருகிறது. மாற்ற முடியவில்லை.

ஒருநாள் காலை பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, புக்கு படிக்கிற எடத்துல கோயில் மாதிரி சுத்திகினு கீறீங்க?"

"நடக்கிறோம் அக்கா. நீங்களும் வாங்க."

"நான் இன்னாத்துக்கு? நாத்து நட்ட காலு இது. இதுக்கு நீங்க நட கத்துத் தரப்போறீங்களா?"

ஆனால் மறுநாள் வந்தார். வெறுங்காலோடு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் விட வேகமாக நடந்தார். நான் டெலிபோனில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் எனக்கு டெலிபோன்மா என்று பேர் வைத்தார்.

ஒரு காலையில் அலமாரிகளுக்கு நடுவே தரையில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. வெற்றிலை எச்சில் என்று நினைத்து நூலகர் முகம் சுளித்தார். சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இது ரத்தம்" என்றார். பொட்டைத் தொடர்ந்து போனால் அக்காவின் கால். உள்ளங்காலில் கருவேல முள் ஒன்று முக்கால்வாசி இறங்கி இருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"சுகர் இருக்கா உங்களுக்கு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ரொம்ப வருசமா கீது. அது பாட்டுக்கு அது கீது, நான் பாட்டுக்கு நான் கீறேன்."

நான் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துக்கொண்டேன். "ஐயோ, காலைத் தொடாதீங்கம்மா, படிச்சவங்க நீங்க" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தார். விடவில்லை. சிஸ்டர் சொல்லச் சொல்ல முள்ளைப் பிடுங்கினேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வலிக்கவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் பயந்ததைப் பார்த்து அவரும் பயந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு நான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். நூலகத்தில் சர்க்கரை நோய் பற்றி இருந்த புத்தகங்களை ஒன்றொன்றாக எடுத்து மாலையில் பின்கட்டுக்குப் போவேன். "நீ படிச்சா ரேடியோல சொல்ற மாதிரி கீது, டெலிபோன்மா" என்பார். வாங்க போங்க எல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது. புத்தகத்தில் சொன்னபடி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்து அதில் அவர் உள்ளங்காலைத் தினமும் பார்ப்போம். ரப்பர் செருப்புக்குப் பழக்கினேன். காலைக் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார். சிஸ்டர் அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்தபோது டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். அந்த வருடம் அக்கா திருநீர்மலைக்குப் போய் மலைப்படி முழுக்க ஏறி இறங்கி வந்தார். பெருமாள் துளசியைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "உன்னாலதான் ஏறினேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன். அது பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

ரயில் தாமதமானால் நாங்கள் எல்லோரும் வாசலில் காத்து நிற்போம். ஐப்பசி மழையில் ஒருநாள் அந்த எழுபது வயது அம்மா நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, நூலகர் உள்ளே போனதும் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு சாவியை என்னிடம் கொடுத்தார்.

"விதிப்படி இது தப்பு. உங்களையெல்லாம் மழையில நிக்க வைக்கறது அதைவிடத் தப்பு. வெளிய சொல்லாதீங்கம்மா."

நான் சொல்லவில்லை. அக்காவிடம் தவிர. பின்கட்டிலேயே இருப்பவருக்குத் தெரியாமல் எப்படிக் கதவைத் திறப்பது?

அந்த மழைக்காலத்தின் கடைசியில்தான் நான் விழுந்தேன். இரவெல்லாம் கொட்டியிருந்தது. தண்டவாளத்தில் தண்ணீர் என்று ரயில் எதுவும் வரவில்லை. மற்றவர்கள் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. நானும் அக்காவும் மட்டும்தான். கதவைத் திறந்து, குடையை மடக்கி, இரண்டு சுற்று நடந்திருப்போம். குடையிலிருந்து வழிந்த தண்ணீரில் என் கால் வழுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

அக்கா என்னைத் தூக்கி உட்காரவைத்தார். தன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கையைச் சேர்த்துக் கட்டினார். நூலகத்தைப் பூட்டி, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் ஆட்டோ பிடித்துவந்தார். ஆட்டோவில் போகும்போதே சொன்னார்: "லைப்ரரில வுழுந்தேன்னு சொல்லிடாத. அந்தப் பொண்ணுக்குப் பேஜாராப் பூடும். ரோட்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லு." ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறக்கும் முன்பே டாக்டரிடம் அவரே அதைச் சொல்லிவிட்டார். என் கணவரிடமும் அவரே சொன்னார். எவ்வளவு யோசனையுள்ள மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகரிடம் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். அவர் என் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாவியைத் திருப்பித் தந்துடறேன்" என்றேன். "வேண்டாம்மா. தரையில கோணி போட்டு வைக்கிறேன்" என்றார். அந்தக் கூடத்தில் நான் விழுந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அக்காவுக்கு, நூலகருக்கு.

கட்டு பிரிக்கும்வரை ஒற்றைக் கையோடு சமாளிக்க வேண்டியிருந்தது. சமையலைக் கணவர் எப்படியோ பார்த்துக்கொண்டார். தலை வாருவதுதான் முடியவில்லை. அக்கா தினமும் மாலையில் வீட்டுக்கு வந்து எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவார். எண்ணெயைத் தேய்த்து, சிக்கெடுத்து, இழுத்துப் பின்னுவார். "எவ்ளோ முடி இன்னும்! எனக்குப் பாரு, எலி வால்" என்பார். என் அம்மாவுக்குப் பிறகு என் தலையில் அப்படி ஒருவர் கை வைத்ததில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாட்களில்தான் அவருடைய மூத்த மகன் நூலகத்துக்கு வர ஆரம்பித்தான். பத்திரிகை படிக்க அல்ல. சுவரைத் தட்டிப் பார்ப்பான், அடிவைத்து நீளம் அளப்பான், வெளியே போய்த் தெருவின் அகலத்தைப் பார்ப்பான். நான் அக்காவிடம் கேட்டேன்.

"பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லிகினு இருந்தான். அதுக்குத்தான்."

"அக்கா, இடிக்கப் போறாங்கன்னு கடைவீதியில பேசிக்கறாங்களே?"

"யாரு சொன்னது? எம்பேர்ல கீற எடம். நான் கீறவரைக்கும் லைப்ரரி மேல எவனும் கை வக்க முடியாது." என் நல்ல கையை எடுத்து அதன்மேல் தன் கையை அடித்துச் சொன்னார்.

நான் போய் மற்றவர்களுக்குச் சொன்னேன். எல்லோரும் நிம்மதியானோம். அந்தக் கை அடித்த சத்தம் எனக்கு அவ்வளவு தைரியம் கொடுத்திருந்தது.

பொங்கல் முடிந்து சில நாளில் அது நடந்தது. வழக்கம்போல் காலையில் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோர் கையும் மேலே இருந்தது. வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் வழியாக ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ தெரியாது. நூலகருடைய முகம் வெளுத்துவிட்டது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த மேலதிகாரி அவர்.

உள்ளே வந்தார். கத்தவில்லை, கையைக்கூட ஓங்கவில்லை. வயதானவர்கள் என்று எங்களை உட்காரச் சொன்னார். பிறகு நூலகரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். படிப்பதற்காக வாடகைக்கு எடுத்த இடத்தில் தினமும் வேறு காரியம் நடக்கிறதா? சத்தம் போட்டு, கூத்தும் சிரிப்புமாக இருக்கிறதா? அரசாங்கச் சாவி வெளியாள் கையில் இருக்கிறதா? கட்டடச் சொந்தக்காரர் தரப்பிலிருந்து புகார் வந்திருக்கிறது என்றார். நூலகர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "நாங்க எக்சர்சைஸ் பண்றோம் சார். இதுல என்ன தப்பு?"

"அதுக்குப் பார்க் இருக்கேம்மா."

"எந்தப் பார்க் சார்? இந்த ஏரியாவில ஒண்ணு காட்டுங்க. இப்பவே எல்லாரும் அங்க போயிடறோம்."

அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். அப்புறம் அதிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"மழை நாள் ஒண்ணுல, நூலகர் இல்லாதப்போ, ஒரு அம்மா சாவி போட்டுத் திறந்து உள்ள வந்து விழுந்து இடது கை முறிஞ்சதாவும், அதை ரோட்ல விழுந்ததா மாத்திச் சொன்னதாவும் புகார்ல இருக்கு. அது நீங்கதானா?"

என் கட்டுப் பிரித்து ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை. மணிக்கட்டு வெளிறி, மற்ற கையைவிட மெலிந்து தனியாகத் தெரிந்தது. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். நான் அதைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். நூலகர் தன் மேலேயே புகார் கொடுத்துக்கொள்ள மாட்டார். நானும் இல்லை. மூன்றில் மிச்சம் ஒருவர். அன்று காலை அவர் வரவில்லை. படப்பையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார்.

அன்று மாலை பின்கட்டுக்குப் போனேன். படப்பைக்கெல்லாம் போகவில்லை. முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை.

"நான் விழுந்தது அந்த ஆபீசருக்கு எப்படிக்கா தெரியும்?"

கீரைக் காம்பு ஒன்றை உருவி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நான்தான் சொன்னேன்."

மறுப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். மகன்மேல் பழி போடுவார், அழுவார், நானும் அழுவேன் என்று நினைத்திருந்தேன்.

"ஏன்க்கா?"

"பையன் கேட்டான், உள்ள இன்னாலாம் நடக்குதுன்னு. சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லலியே. நீ வுழுந்தியா இல்லியா?"

"ரோட்ல விழுந்தேன்னு சொல்லச் சொன்னதே நீங்கதானே?"

"அப்ப அதான் சரின்னு பட்டுச்சு."

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

"கவுர்மென்ட் வேல. அவ்ளோ சீக்கிரம் போவாது. வேற ஊருக்குத்தான் மாத்துவாங்க. நான் அதெல்லாம் கேட்டுகினுதான் சொன்னேன்."

கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லியிருக்கிறார்.

"நான் கீறவரைக்கும்னு என் கையில அடிச்சுச் சொன்னீங்களே?"

"சொன்னேன். என்னை இன்னா பண்ண சொல்ற? புள்ள இங்க மண்டபம் கட்டணும்ன்றான். லைப்ரரி ஆபீசுல காலி பண்ணுன்னாலும் பண்ணமாட்டேங்கறாங்க. சும்மா கேஸ் போட்டா என் காலத்துல முடியாதுன்னுட்டான் வக்கீல். அவங்க பக்கம் எதுனா தப்பு கீதான்னு கேட்டான். உங்க நடதான் கெடச்சுது." முறத்தைத் தள்ளி வைத்தார். "நீ எத்தினி நாளைக்கு என் காலைப் பாத்துகினு இருப்ப டெலிபோன்மா? நான் படுத்தா எனக்குக் கஞ்சி ஊத்தறது என் புள்ள. நீயா வரப்போற?"

"வந்திருப்பேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்போ சொன்னீங்க இதெல்லாம்?"

"நீ கையில கட்டுப் போட்டுகினு கீறச்சயே."

வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போய், என் பின்னலை அவிழ்த்துத் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். பனிக்காலம். கணவர் கதவைத் தட்டி, "இந்த நேரத்துல தலைக்கு ஊத்தறியே, ஜலதோஷம் பிடிக்கும்" என்றார். இங்கே வந்து அக்கா என் தலையைப் பின்னிவிட்டு, நேராகப் போய் மகனிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எத்தனை மாலை அப்படி என்று தெரியாது. அதை மட்டும் நான் கேட்கவில்லை.

நூலகரை மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். கடைசி நாள் நானும் சிஸ்டரும் போனோம். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவையும் அவர் பார்க்கவில்லை.

அலுவலகம் வழக்காட விரும்பவில்லை. கோடை வருவதற்குள் புத்தகங்களை லாரியில் ஏற்றி, ரயில்பாதையைத் தாண்டி முடிச்சூர்ப் பக்கம் ஒரு அரிசி மண்டியின் மாடிக்குக் கொண்டுபோனார்கள். செங்குத்தான படி, கைப்பிடி கிடையாது. நான் ஒருமுறை போனேன். பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். மேலே புது நூலகர், இளைஞர், நல்ல மாதிரிதான். ஆனால் புத்தகங்கள் எல்லாம் பழையபடி அகர வரிசைக்குப் போயிருந்தன. எனக்கு வேண்டியது கீழ்த்தட்டில் இருந்தது. எடுக்காமல் திரும்பினேன்.

எங்கள் கூட்டம் கலைந்தது. சிஸ்டர் தன் சர்ச் வளாகத்தில் அனுமதி வாங்கினார். சில மாதம் அங்கே நடந்தோம். பிறகு அங்கே கட்டட வேலை ஆரம்பித்துவிட்டது. அப்புறம் நானும் அவரும் மட்டும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனில் நடந்து பார்த்தோம். அவசரமாக ஓடுகிறவர்கள் இடித்துத் தள்ளினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கிய அந்த அம்மா வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் படுக்கையில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பியது. முன்னால் கண்ணாடி, பக்கவாட்டில் ஜெனரேட்டர். அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டேன். எங்காவது தூரத்தில் அக்காவைப் போல் ஒருவர் தெரிந்தால்கூட மறுபக்கம் கடந்துவிடுவேன். ஆனால் பழைய எக்ஸ்சேஞ்ச் தோழி ஒருத்தி தன் மகள் கல்யாணத்தை அங்கேதான் வைத்தாள். வீடு தேடிவந்து, "நீ வரலேன்னா உன்னோட பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. கணவருக்கு முடியவில்லை என்று நான் மட்டும் போனேன்.

வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் வலது கால், கணுக்கால்வரை கட்டோடு நீட்டியிருந்தது. கட்டின் முனை பாதம்போல் இல்லாமல் மொட்டையாக இருந்தது. விரல்களை எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. மெலிந்து, பாதியாகிப் போயிருந்தார். அவருக்கு எதிரிலேயே மகன் வேஷ்டி சட்டையில் வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தான். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"டெலிபோன்மா."

நின்றுவிட்டேன். அந்தக் குரலுக்கு என் கால் தானாக நிற்கிறது என்பது எனக்கே கோபமாக இருந்தது.

"நல்லா கீறியா?"

"இருக்கேன்."

"நடக்கறியா இன்னும்?"

"நடக்கிறேன்."

"எங்க?"

அப்போது நான் எங்கேயும் நடந்துகொண்டிருக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்தார். இடது கையை. விரலால் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். "சரியாப் பூட்ச்சா?" என்று கேட்டார். நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

அவர் காலைக் குனிந்து பார்க்க வேண்டும், யார் கட்டு மாற்றுகிறார்கள், கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்களா என்று கேட்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மனிதர்கள் மேல் எனக்கிருந்த ஏதோ ஒன்றை அந்த அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். அதைத் திருப்பித் தர அவரால் முடியாது, எனக்கும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"சாப்ட்டு போ. உள்ள எடம் நல்லா பெருசா கட்டிக்கீறான்" என்றார்.

உள்ளே போய் மணமக்களைப் பார்த்து, தோழியின் கையில் அன்பளிப்பைக் கொடுத்தேன். சாப்பாட்டுக் கூடத்தின் வாசல்வரை போனேன். நீளமாக இலை போட்டிருந்தார்கள். சாம்பார் வாளியோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. தோழியின் தம்பி "உக்காருங்க அக்கா" என்றான். தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டு வழியாக வெளியே வந்தேன். வாசலில் அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் கணவர் ரேடியோவை அணைத்துவிட்டு, "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். பாயசம் என்ன என்று கேட்டார். பால் பாயசம் என்றேன். அவர் படுத்த பிறகு அடுப்படியில் நின்றபடி மீதியிருந்த மோர்சாதத்தைச் சாப்பிட்டேன்.